பொறுப்புக் காப்பீட்டைப் பாதியில் ரத்து செய்யலாமா? வாசகர் கேள்வி – பதில்

சிறு தொழில் நடத்துவோர் எடுத்திருக்கும் பொறுப்புக் காப்பீட்டை இடையில் ரத்து செய்வது குறித்து வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் அளித்திருக்கிறேன். தீ விபத்துப் பாலிசி நம்முடைய சொத்தைக் காக்கிறது. பொறுப்புக் காப்பீடோ, நம் தொழிலால் பிறருக்கு ஏற்படும் உடல் காயத்துக்கும் உடைமைச் சேதத்துக்கும் நாம் சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீட்டையும், அதற்காக ஆகும் வழக்குச் செலவையும் ஏற்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே உள்ள பதில்கள் எளிதில் விளங்கும்.

கேள்வி: மதுரையில் பதினொரு ஆண்டுகளாகக் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறேன். ஓர் அலுவலக உணவகத்துக்கும் சமைத்துக் கொடுப்பதால், அவர்களுடைய நிபந்தனைப்படி பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்தேன். ஆண்டுப் பிரீமியம் 24,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. முழங்கால் வலி காரணமாக வருகிற ஐப்பசி முகூர்த்தங்களோடு தொழிலை நிறுத்திவிடுகிறேன். அப்போது பாலிசியில் எட்டு மாதம் பாக்கி இருக்கும். கடைசிக் கல்யாணம் முடிந்த மறுநாளே ரத்து செய்தால் 16,000 ரூபாய் திரும்ப வரும் என்று கணக்கிட்டிருக்கிறேன். சரிதானா?
– சமையல் ஒப்பந்தக்காரர், மதுரை

பதில்: உங்கள் கணக்கு, மீதமுள்ள நாட்களுக்கு ஏற்ற விகிதத்தில் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணத்தில் போடப்பட்டிருக்கிறது. தனிநபர்கள் எடுக்கும் பொதுக்காப்பீட்டுப் பாலிசிகளுக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024-இல் அப்படித்தான் விதித்திருக்கிறது: ஓராண்டுப் பாலிசியைப் பாலிசிதாரர் காரணம் சொல்லாமலேயே எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், அந்தக் காலத்தில் இழப்பீடு எதுவும் கோரியிருக்காவிட்டால் மீதிக் காலத்துக்கான பிரீமியம் விகிதப்படி திரும்பத் தரப்பட வேண்டும். ஆனால் தொழில் சார்ந்த பாலிசிகளில் பாலிசித் தாளில் அச்சிட்டிருக்கும் ரத்து நிபந்தனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொதுப் பொறுப்புப் பாலிசிகள் பலவற்றில் அந்த நிபந்தனை ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்: பாலிசிதாரர் 30 நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து ரத்து செய்யலாம், அப்போது நிறுவனம் ‘குறுகிய கால அளவு’ப்படி பிரீமியத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தரும், அந்த ஆண்டில் இழப்பீட்டுக் கோரிக்கை ஏதேனும் எழுந்திருந்தால் ஒன்றும் திரும்பாது.

இந்தக் குறுகிய கால அளவு என்பது ஒரு பட்டியல். ஓடிய காலத்தின் விகிதத்தைவிடக் கூடுதலான பங்கை நிறுவனம் வைத்துக்கொள்வதற்கு அது இடம் தருகிறது. நான்கு மாதம் ஓடிய பாலிசிக்கு 60 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் பட்டியல் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 14,400 ரூபாய் நிறுவனத்துக்குப் போய், 9,600 ரூபாயும் அதற்குரிய 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,728 ரூபாயும் உங்களுக்கு வரும். 30 நாள் முன்னறிவிப்பு ஓடி முடிவதற்குள் ஐந்தாவது மாதத்தில் காலடி வைத்துவிட்டால் அதுவும் குறையும். பட்டியல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், கிளை அலுவலகத்தில் “இன்ன தேதியில் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்?” என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொல்லப்படும் தொகையை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் நாட்டில் விற்கப்படும் பொதுப் பொறுப்புப் பாலிசிகளில் பெரும்பாலானவை, விபத்து பாலிசிக் காலத்தில் நடந்திருந்தால் மட்டும் போதும் என்று சொல்வதில்லை. பாதிக்கப்பட்டவரின் கோரிக்கையும் பாலிசி உயிரோடு இருக்கும் காலத்துக்குள் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்கின்றன. கடைசிப் பந்தியில் சாப்பிட்ட ஒருவருக்கு வயிற்றுப்போக்கு முற்றி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, வீடு திரும்பி, கட்டணச் சீட்டுகளைச் சேர்த்து, வழக்குரைஞரைப் பார்த்து உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. மறுநாளே நீங்கள் பாலிசியை ரத்து செய்துவிட்டால், நோட்டீஸ் வரும் நாளில் உங்களுக்குப் பின்னால் நிற்க எந்த நிறுவனமும் இருக்காது. அடுப்பை அணைத்துவிட்டீர்கள் என்பதற்காகச் சட்டம் உங்களை விட்டுவிடுவதும் இல்லை.

இதற்காகவே பல பாலிசிகளில் ஒரு சிறு சலுகை வைத்திருக்கிறார்கள். பாலிசி ரத்தானாலோ புதுப்பிக்கப்படாவிட்டாலோ, அதன் காலத்தில் நடந்த விபத்துக்காகப் பின்னால் எழும் கோரிக்கைகளை 90 நாள் வரை தெரிவிக்கலாம். அதே அபாயத்துக்கு வேறு பாலிசி நடப்பில் இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. உங்கள் தாளில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கூடவே, ‘உணவு மற்றும் பானங்கள்’ என்ற விரிவாக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லையென்றால், சமையல் இடத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தால் கிடைக்கும் பாதுகாப்பு, சாப்பாட்டால் நேரும் கெடுதலுக்குக் கிடைக்காமல் போகலாம். அந்தப் பாலிசியைப் பற்றிய என் கருத்தும் மாறிவிடும்.

விரிவாக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: ரத்து செய்யாதீர்கள். எட்டு மாதமும் ஓடி முடியட்டும். ஏறக்குறைய பதினோராயிரம் ரூபாயை விட்டுக்கொடுத்தால், அதற்கு ஈடாக நீங்கள் கடைசியாகப் பரிமாறிய இலைக்கு எட்டு மாதமும், பிரிவு இருந்தால் அதற்கு மேல் 90 நாளும் பாதுகாப்பு கிடைக்கிறது. பதினொரு ஆண்டு உழைத்துச் சேர்த்ததை வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கப் போகும் ஒருவருக்கு இது அதிக விலை அல்ல. பணத் தேவை காரணமாக ரத்து செய்தே தீர வேண்டுமென்றால், அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இந்த ஆண்டில் சமைத்த இடங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனதாகக் காதில் விழுந்திருந்தால், நோட்டீஸ் வரவில்லை என்றாலும், நாள், இடம், நடந்தது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பாலிசி நடப்பில் இருக்கும்போதே நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். அந்தத் தகவலை நிறுவனம் ஏற்றுக்கொண்டால், பிறகு வரும் கோரிக்கை பாலிசிக் காலத்தில் வந்ததாகவே கருதப்படும் என்ற பிரிவு இத்தகைய பாலிசிகளில் வழக்கமாக உண்டு.

கேள்வி: பாலிசி கைக்கு வந்து 15 நாட்களுக்குள் பிடிக்கவில்லையென்றால் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்கிறார்களே, கடைக்கு எடுத்த பொறுப்புக் காப்பீட்டுக்கு அது பொருந்துமா?
– அழகு நிலைய உரிமையாளர், திருச்சி

பதில்: பொருந்தாது. படித்துப் பார்த்துத் திருப்பித் தரும் அந்த அவகாசம் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு உரியது. அவற்றுக்கும் இப்போது 30 நாள். உங்கள் பாலிசியில் தவறான விவரம் அச்சாகியிருந்தால் அதைத் திருத்தக் கேட்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்தால் ரத்து நிபந்தனைப்படிதான் போக வேண்டும்.

கேள்வி: என் மைத்துனரும் நானும் கூட்டாக நடத்திய பந்தல், ஒலி ஒளி அமைப்புத் தொழிலிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். அவர் அதே பெயரில் தொடர்ந்து நடத்துவார். பொறுப்புக் காப்பீட்டு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டது நான்தான் என்பதால், என் கையெழுத்திலேயே ரத்து செய்துவிட்டால் பிற்காலத்தில் எனக்குத் தொல்லை இராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவ்வாறு செய்யலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நண்பர்கள் சொல்வதற்கு நேர் எதிராகவே விளைவு இருக்கும். பாலிசிதாரர் நீங்கள் அல்ல, உங்கள் கூட்டு நிறுவனம். அதன் சார்பில் யார் கையெழுத்திடலாம் என்பதைக் கூட்டு ஒப்பந்தப் பத்திரம் தீர்மானிக்கும். ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட ரத்துக் கடிதத்தை நிறுவனம் திருப்பி அனுப்பினாலும் வியப்பதற்கில்லை.

அதைவிடப் பெரிய செய்தி 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. பங்குதாரர் விலகினாலும், கூட்டு கலைக்கப்பட்டாலும், அதுபற்றிப் பொது அறிவிப்பு கொடுக்கும் வரை, மற்றவர் செய்யும் செயலுக்கு வெளியாருக்கு இருவரும் பொறுப்பாளிகளாகவே நீடிக்கிறார்கள். பொது அறிவிப்பு என்றால் ஊருக்குச் சொல்வது அல்ல. அரசிதழிலும், தொழில் நடக்கும் மாவட்டத்தில் ஓடும் தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றிலாவது வெளியிட வேண்டும். கூட்டு பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் கூட்டாண்மைப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். நீங்கள் விலகிய பிறகு, ஆனால் அறிவிப்பு வெளிவருவதற்கு முன், உங்கள் மைத்துனர் போட்ட பந்தலில் மின்கசிவால் ஒருவர் அடிபட்டால் வழக்கில் உங்கள் பெயரும் வரும். அந்த நேரத்தில் உங்களைக் காக்கக்கூடிய பாலிசியை நீங்களே முன்கூட்டி ரத்து செய்திருப்பீர்கள்.

ஆகவே, முதலில் விலகல் பத்திரம், பிறகு பொது அறிவிப்பு, அதன் பிறகு பாலிசி என்று போங்கள். பாலிசியையும் ரத்து செய்ய வேண்டியதில்லை. தொழிலின் உரிமை மாறியிருப்பதைச் சொல்லி, இருவரும் கையெழுத்திட்டு, ‘எண்டார்ஸ்மென்ட்’ எனப்படும் திருத்த இணைப்பு கேளுங்கள். விலகிய தேதிக்கு முந்தைய வேலைகளுக்கு உங்கள் பெயருக்கும் பாதுகாப்பு நீடிக்கும் என்று அதில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று: எந்தக் காரணத்துக்காகவாவது பிரீமியம் திரும்பி வர வேண்டியிருந்தால், அது வரும் வரை கூட்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கை மூடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் நான் வேலை பார்த்த நாட்களில், கணக்கு மூடப்பட்டதால் திரும்பி வந்த பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல், பிரிந்த பங்குதாரர்கள் மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கிறோம். 2019 முதல் ஒரே நிறுவனத்தில் தயாரிப்புப் பொறுப்புக் காப்பீடு தொடர்ந்து வருகிறது. இப்போது வேறொரு நிறுவனம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் குறைவாகத் தர முன்வந்திருக்கிறது. பழையதை இப்போதே ரத்து செய்துவிட்டு மாறலாமா?
– சிறுதொழில் முனைவோர், கோயம்புத்தூர்

பதில்: மாறலாம், ஆனால் ஒரு தேதியைக் கையோடு எடுத்துக்கொண்டு மாற வேண்டும். உங்கள் பாலிசி அட்டவணையில் ‘ரெட்ரோஆக்டிவ் தேதி’ என்று ஒன்று இருக்கும். முதன்முதலில் பாலிசி எடுத்து, இடைவெளி விடாமல் புதுப்பித்து வந்த தொடர்ச்சியின் தொடக்க நாள் அது. அந்த நாளுக்குப் பிறகு நடந்த விபத்துக்கான கோரிக்கை இன்று வந்தாலும் இன்றைய பாலிசி ஏற்கும். புதிய நிறுவனம் தன் பாலிசி தொடங்கும் நாளையே அந்தத் தேதியாகப் போட்டுவிட்டால், மாறுவதற்கு முந்தைய மாதம் ஒரு வீட்டில் கிரைண்டரில் மின்சாரம் பாய்ந்து ஒருவர் காயமடைந்து, மாறிய மறுமாதம் நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும்? புதிய நிறுவனம், விபத்து எங்கள் தேதிக்கு முந்தையது என்று சொல்லும். பழைய நிறுவனம், கோரிக்கை ரத்துக்குப் பிறகு வந்தது என்று சொல்லும். மதுரை வாசகருக்குச் சொன்ன 90 நாள் சலுகையும் உங்களுக்கு உதவாது. அதே அபாயத்துக்கு வேறு பாலிசி நடப்பில் இருந்தால் அது செல்லாது என்று அந்தப் பிரிவே கூறுகிறது. இரண்டு பாலிசிக்குப் பணம் கட்டியும் இரண்டும் கைவிடும் நிலை இதுதான்.

இதற்குத் தீர்வு, புதிய பாலிசி அட்டவணையில் 2019-ஆம் ஆண்டின் அந்தப் பழைய தேதியையே எழுதித் தரச் சொல்வது. அவர்கள் கடந்த ஆண்டுகளின் கோரிக்கை விவரத்தைக் கேட்பார்கள். தெரிந்த எதையும் மறைக்காமல் கொடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், அதையே காரணமாக வைத்து மறுக்க அவர்களுக்கு இடம் கிடைக்கும். பழைய தேதியைத் தர மறுத்தால், அந்த 6,000 ரூபாய்க்காக மாறாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை அளிப்பவர் ஆகியோரின் தயாரிப்புப் பொறுப்பைத் தனியாகவே வகுத்திருக்கிறது. வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால், அந்த உத்தரவாதத்தைக் கொடுத்ததில் கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் தயாரிப்பாளர் தப்ப முடியாது. கிரைண்டர் ஒரு வீட்டில் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடும் பொருள். நீங்கள் விற்ற ஒவ்வொன்றும் இன்னும் எங்கோ ஒரு சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேதியை எழுதித் தந்தாலும் ஆண்டின் நடுவில் மாற வேண்டாம். குறுகிய கால அளவுப்படி பழைய நிறுவனம் பிடித்துக்கொள்ளும் தொகை உங்கள் சேமிப்பைத் தின்றுவிடக்கூடும். புதுப்பிக்கும் நாளில் மாறுங்கள். பழைய பாலிசி முடியும் நள்ளிரவில் புதியது தொடங்கட்டும். வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அந்த நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளையும் புதிய பாலிசி ஏற்கிறதா என்று கேளுங்கள். மலிவான பாலிசி இந்திய நீதிமன்ற எல்லையோடு நின்றுவிடுவதால்கூட மலிவாக இருக்கலாம்.

கேள்வி: ரத்துக் கடிதத்தை முகவரிடமே கொடுத்தேன். திரும்ப வரும் பணத்தைத் தன் கணக்கில் வாங்கி, எனக்குத் தர வேண்டியதைத் தருவதாகச் சொல்கிறார். நெடுநாள் பழக்கம். ஒப்புக்கொள்ளலாமா?
– விசைத்தறி உரிமையாளர், ஈரோடு

பதில்: ஒப்புக்கொள்ளக் கூடாது, அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு, பாலிசி ரத்தானதால் திருப்பித் தர வேண்டிய பிரீமியத்தைக் காப்பீட்டு நிறுவனம் பாலிசிதாரருக்கே நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்றும், எந்தச் சூழ்நிலையிலும் முகவரின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை ஒன்றை இணைத்து, கிளை அலுவலகத்துக்கு நீங்களே ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் போதும்.

முகவரிடம் கொடுத்த கடிதம் நிறுவனத்தைச் சேர்ந்ததா என்பதையும் உடனே உறுதி செய்துகொள்ளுங்கள். முன்னறிவிப்பு நாட்கள் நிறுவனம் பெற்ற தேதியிலிருந்துதான் எண்ணப்படும். ஒப்புகை முத்திரையிட்ட நகல் அல்லது விரைவு அஞ்சல் ஒப்புகைச் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். திரும்ப வரும் ஜி.எஸ்.டி.யைப் பற்றியும் ஒரு வார்த்தை: பிரீமியத்துக்குக் கட்டிய வரிக்கு நீங்கள் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் அதைக் கழித்துக்கொண்டிருந்தால், நிறுவனம் அனுப்பும் ‘கிரெடிட் நோட்’ எனப்படும் வரவுக் குறிப்புக்கு ஏற்ப அதைத் திருப்பிக் காட்ட வேண்டும். உங்கள் கணக்காளரிடம் அந்த நோட்டைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: அம்மோனியா பயன்படுத்தும் ஐஸ் ஃபேக்டரி நடத்துகிறேன். பொதுப் பொறுப்பு என்ற பெயரிலேயே இரண்டு பாலிசி இருக்கின்றன. ஒன்று போதும், மற்றதை ரத்து செய்யலாம் என்கிறார் எங்கள் கணக்காளர். எதை விடலாம்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. ஒன்று, 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி எடுக்க வேண்டிய கட்டாயப் பாலிசி. 1984 டிசம்பரில் போபாலில் நடந்த விஷவாயுப் பேரழிவுக்குப் பிறகு பிறந்த சட்டம் அது. அரசு அறிவித்த அளவுக்கு மேல் அபாயகரமான பொருளைக் கையாளுபவர், கையாளத் தொடங்கும் முன்பே பாலிசி எடுத்து, கையாளும் காலம் முழுவதும் புதுப்பித்து வர வேண்டும். விபத்து நேர்ந்தால், யார் மீது தவறு என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்கத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தே நிவாரணம் பெறலாம். விபத்து நடந்ததிலிருந்து ஐந்து ஆண்டு வரை விண்ணப்பிக்க இடமுண்டு. உங்கள் அம்மோனியா இருப்பு அறிவிக்கப்பட்ட அளவைத் தாண்டுகிறது என்றால், ஆலை ஓடும் வரை இந்தப் பாலிசியை ரத்து செய்வது சட்ட மீறல்.

மற்றது, நீங்களாக விரும்பி எடுத்த சாதாரணப் பொதுப் பொறுப்புப் பாலிசி. முதல் பாலிசி தரும் நிவாரணம் சட்டம் வரையறுத்த தொகையோடு நின்றுவிடும்; அதற்கு மேல் நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டுக்கு இரண்டாவதுதான் துணை. 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழும் பொறுப்பு இரண்டாவதில் வழக்கமாக விலக்கப்பட்டிருப்பதால், ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. ஆலையைச் சுற்றி மீனவர் வீடுகள் இருக்கும் ஊரில் இரண்டையும் வைத்திருப்பதே முறை என்பது என் கருத்து. இருப்பு உண்மையிலேயே அந்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டால், முதல் பாலிசியை அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் விடலாம்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாகக் கல்யாண மண்டபம் நடத்துகிறேன். தீயணைப்புத் துறையின் சான்றும் உரிமமும் சரியாக இருக்கின்றன. ஒரு விபத்தும் நடந்ததில்லை. ஆண்டுதோறும் கட்டும் பிரீமியம் வீண் என்று தோன்றுவதால் ரத்து செய்ய நினைக்கிறேன்.
– மண்டப உரிமையாளர், தஞ்சாவூர்

பதில்: 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பற்றி, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்ததை உங்கள் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காலையில் மேளம் கேட்ட இடத்தில் நடந்தது அது. பதினைந்து ஆண்டுகள் விபத்தில்லாமல் நடத்தியது உங்கள் கவனத்துக்குச் சான்று. ஆனால் மண்டபத்தில் விளக்குப் போடுபவர், வீடியோ எடுப்பவர், அடுப்பு மூட்டுபவர் ஆகியோர் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மாறுகிறார்கள். இத்தகைய வழக்குகள் எவ்வளவு நீளும் என்பதற்கு டெல்லியின் உப்ஹார் திரையரங்கு ஓர் எடுத்துக்காட்டு. 1997 ஜூன் 13 அன்று நடந்த அந்தத் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். இழப்பீடு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 அக்டோபரில். அத்தனை ஆண்டும் வழக்குச் செலவைத் தனியாகத் தாங்க ஒரு மண்டபத்தின் வருமானம் போதாது. பிரீமியம் சுமையாக இருந்தால் ரத்து செய்யாமல், புதுப்பிக்கும்போது, நிறுவனம் தரும் இழப்பீட்டில் ஒரு விபத்துக்கான உச்சவரம்புக்கும் ஓராண்டுக்கான உச்சவரம்புக்கும் உள்ள விகிதத்தை மாற்றிக் கேளுங்கள். நீங்களே ஏற்கும் ஆரம்பத் தொகையை உயர்த்தினாலும் பிரீமியம் குறையும்.

கேள்வி: அம்பத்தூரில் லேத் பட்டறை. ஆறு பேர் வேலை செய்தார்கள். ஆர்டர் குறைந்ததால் இப்போது மூவர்தான். தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியை ரத்து செய்து, மூவருக்கு மட்டும் புதிதாக எடுக்கலாமா?
– பட்டறை உரிமையாளர், சென்னை

பதில்: தேவையில்லை. இந்தப் பாலிசியில் பிரீமியம், நீங்கள் கொடுக்கப்போவதாக முன்கூட்டிச் சொன்ன சம்பளத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது. ஆண்டு முடிந்ததும் உண்மையில் கொடுத்த சம்பளக் கணக்கைக் கொடுத்தால், கூடுதலாகக் கட்டியதைச் சரிசெய்வார்கள். குறைந்தபட்சப் பிரீமியத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். சம்பளப் பதிவேட்டை ஒழுங்காக எழுதி வையுங்கள். ரத்துக்கும் புதியதுக்கும் இடையில் ஒரே ஒரு நாள் இடைவெளி விழுந்து, அன்றைக்கு ஒருவர் விரலை இழந்தால், முழு இழப்பீடும் உங்கள் கையிலிருந்து போகும்.

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். ரத்துக் கடிதம் கொடுத்து மூன்று மாதமாகியும் பணம் வரவில்லை. கேட்டால் “தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்” என்கிறார்கள். யாரிடம் முறையிடுவது?
– அச்சக உரிமையாளர், விருதுநகர்

பதில்: முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் பதியலாம். 155255 என்ற எண்ணில் பேசியும் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத் தக்கதாக இல்லாவிட்டாலோ, ‘ஆம்பட்ஸ்மேன்’ எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ஒரே உரிமையாளர் நடத்தும் தொழில்களும் குறுந்தொழில் நிறுவனங்களும் எடுத்த பாலிசிகளைப் பற்றிய புகார்களை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கட்டணம் இல்லை, வழக்குரைஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் வாசகர்களுக்கும் அதுவே.

குறுந்தொழில் வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வணிக நிறுவனம் எடுத்த பாலிசி என்பதாலேயே அது நுகர்வோர் அல்ல என்று வாதிட முடியாது. இழப்பை ஈடுசெய்வதற்காகவே காப்பீடு எடுக்கப்படுகிறது, லாபம் ஈட்டுவதற்காக அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

நீங்கள் எங்கே போனாலும் அவர்கள் முதலில் கேட்பது ஒப்புகை முத்திரையுள்ள ரத்துக் கடிதத்தின் நகலைத்தான். அது உங்களிடம் இல்லையென்றால், இன்றைய தேதியிட்டு, முன்பு கொடுத்த கடிதத்தின் தேதியையும் அதைப் பெற்றுக்கொண்டவரின் பதவியையும் குறிப்பிட்டு, பாலிசி எண்ணோடு ஒரு நினைவூட்டலை ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் இந்த வாரமே அனுப்புங்கள்.